மேடம் சொன்ன ஆணி

படித்த படிப்பைப் பற்றி வாயைத் திறக்காதவன் நிம்மதியாக இருப்பான். நான் திறந்தேன்.

பி.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியக் கம்பெனியில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் ஊர்ப் பையன்களோடு ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். நான் டிரெய்னி. பெர்மனன்ட் ஆனால்தான் வாழ்க்கை. ஏனென்றால், அதே கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்த குமுதாவின் அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "மொதல்ல பெர்மெண்ட் ஆவட்டும், அப்பால பேசலாம்." குமுதா சிரித்தாள். அந்தச் சிரிப்பை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் மேனேஜர் லீ சாரின் மனைவிக்கு மசக்கை. எதைச் சாப்பிட்டாலும் குமட்டல். அவருடைய ஊரில் பனி உருகும்போது வயலோரம் முளைக்கும் 'நேங்கி' என்ற சின்னக் கீரையைப் போட்டு வைத்த சூப் மட்டும் கிடைத்தால் குடிப்பேன் என்கிறாராம். மனைவி வரைந்து கொடுத்த படத்தோடு லீ சார் லைனுக்கே வந்துவிட்டார். சூப்பர்வைசர் என்னைக் கை காட்டினார். "சார், இவன் செடி படிச்சவன்."

படத்தைப் பார்த்தேன். தரையோடு ஒட்டி வட்டமாக விரிந்த வெட்டு வெட்டான இலைகள். நடுவில் ஒரு தண்டு, அதில் நாலு இதழ் வெள்ளைப் பூ, இதய வடிவத்தில் குட்டிக் காய்கள். நாலு இதழ் சிலுவைபோல் இருந்தால் கடுகுக் குடும்பம். எனக்கு உச்சி குளிர்ந்தது.

"கடுகு ஃபேமிலி சார்! ஐ நோ! ஐ க்ரோ!" (வளர்த்துத் தரும்படி யாரும் கேட்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.)

அன்றிலிருந்து ரப்பர் பட்டை ஒட்டியது என் கை மட்டும்தான். மனம் எங்கோ பனி மூடிய வயல்களில் திரிந்தது. கதவுகள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போகும். எனக்கு அவை வெள்ளைப் பூக்கள் மிதந்து போவதாகத் தெரியும். பூக்களுக்கு நடுவே பெர்மனன்ட் ஆர்டரோடு நான் நிற்பேன். குமுதாவும் பக்கத்தில் நிற்பாள், சிரித்துக்கொண்டே.

மார்கழிக் காலையில் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனேன். ஏரி எது, பனி எது என்று தெரியாத வெளிச்சம். கம்பெனிகளின் சங்குகூடத் தண்ணீருக்கு அடியிலிருந்து ஊதுவதுபோல் கேட்டது. கரைச் சரிவில் அதே வட்ட இலைகள், தரையோடு ஒட்டிக் கிடந்தன. பூ இல்லை. பூத்தால் நாலு இதழ்தான் இருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

கொரியாவிலிருந்து பாகங்கள் வந்த மரப்பெட்டிகளில் மண்ணை நிரப்பி, அடியில் கிடந்த வைக்கோலையும் எருவாகக் கலந்து, கேன்டீன் பின்னால் அந்தச் செடிகளை நட்டேன். கூடவே வேறு சில பொடிச் செடிகளும் முளைத்தன. களை என்றால் எனக்கு ஆகாது. வளர வளர, பூவா இலையா என்றுகூடப் பார்க்காமல், ஈவு இரக்கமில்லாமல் பிடுங்கிச் சுவரோரம் வீசினேன்.

லீ சாரின் மனைவி, எங்களுக்கு மேடம், தினமும் வந்து பார்ப்பார். முதல் நாளே குனிந்து பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "ஆணி."

எனக்குப் புல்லரித்துவிட்டது. கொரியாக்காரர்களும் அம்மா, அப்பா என்று நம்மைப் போலவே சொல்கிறார்கள் என்று லைனில் ஏற்கெனவே பேச்சு. இப்போது ஆணிவேரும் அவர்களிடம் இருக்கிறது! வேரோடு சமைப்பார்கள் போலிருக்கிறது என்று ஒரு செடியைத் தோண்டி நீட்டினேன். "எஸ் மேடம், ஆணி! லாங் ஆணி!"

அவர் என்னைக் கவலையோடு பார்த்து, "ஆணியேயோ" என்றார். அந்த 'ஏயோ'வை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் இன்னும் நீளமான வேரோடு காத்திருந்தேன்.

"இன்னாய்யா, மேடம் மூஞ்சி வாடிக்கினே போவுது?" என்று குமுதா கேட்டாள்.

"மசக்கைன்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன். (பிள்ளை பெற்றவன்போல.)

ஒருநாள் மதியம் செடிகள் பூத்தன. லீ சாரும் மேடமும் வந்தார்கள். சாப்பாட்டு நேரம் என்பதால் பாதி லைனும் கூடிவிட்டது. பூக்கள் மஞ்சள். ஒவ்வொன்றிலும் எண்ண முடியாத இதழ்கள். சூரியகாந்திக் குடும்பம்! (அது எழுத்தாணிப் பூண்டு என்று பிற்பாடு தெரிந்தது. அதன் பெயரிலும் ஆணி.)

மேடம் கண் கலங்கிவிட்டது. "ஆணி... ஆணி..."

பூதான் கைவிட்டது, வேராவது காப்பாற்றட்டும் என்று நான் ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி உயர்த்திக் காட்டத் தொடங்கினேன்.

"ஸ்டாப்!" என்று கத்தினார் லீ சார். "ஆணி மீன்ஸ் நோ! எவ்ரி டே ஷீ சே நோ!"

லைனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. குமுதா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தம்மா வோணாம் வோணாம்னு சொல்லிக்கினு கீது, நீ வேரப் புடுங்கிப் புடுங்கிக் காட்டிக்கினு இருந்தியா?"

கையில் கொத்துச் செடிகளோடு நின்றேன். பெர்மனன்ட் போச்சு, குமுதாவும் போய்விட்டாள் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

மேடம் திரும்பி நடந்தவர் சுவரோரம் சட்டென்று நின்றார். நான் வீசிய களைக் குவியலின் முன் மெல்ல மண்டியிட்டார். வாடிய பொடிச் செடி ஒன்றை எடுத்து முகர்ந்தார். நாலு இதழ் வெள்ளைப் பூ. இதய வடிவக் காய்.

"நேங்கி!"

அந்த வைக்கோலோடு கப்பலேறி வந்த விதை முளைத்திருக்கிறது. கடுகுக் குடும்பத்தையே நான் வேரோடு பிடுங்கி எறிந்திருக்கிறேன். வாடாமல் மிஞ்சியது ஒரு பிடி. அன்று மாலை அவர் ஒரு கிண்ணம் சூப் குடித்தாராம். உதிர்ந்த விதைகளை அவரே பெட்டியில் தூவினார். என்னைப் பெட்டியின் பக்கமே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்ப்பேன். பனியில் அந்த வெள்ளைப் பூக்கள் இருக்கின்றனவா இல்லையா என்பதுபோல் நிற்கும். அதைப் பார்த்தால் பட்ட அவமானம்கூட மறந்துவிடும்.

என்ன ஆச்சரியமோ, எனக்குப் பெர்மனன்ட் ஆர்டர் வந்தது. வேலைக்காகவா, களை பிடுங்காமல் இருந்ததற்காகவா, தெரியாது. முதலில் அவள் அப்பாவிடம் காட்டினேன்; பிறகு ஓடிப்போய்க் கம்பெனி பஸ் நிறுத்தத்தில் குமுதாவைப் பிடித்தேன்.

"ஒங்க அப்பா சரின்னுட்டாரு. நீ என்ன சொல்லுத?"

"ஆணி."

என் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து அவள் சிரித்தாள். "த, மேடம் ஆணி இல்லய்யா. உன் ஆணி. வேரு மாதிரி ஆயமா எறங்கிக் கீதுன்னு அர்த்தம்."

இன்றும் எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். "புது வண்டி வாங்கட்டுமா?" "ஆணி." "இன்னிக்கு வெளியே சாப்பிடுவோமா?" "ஆணி." எந்த ஆணி என்று நானேதான் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். நான் வழக்கம்போலத் தப்பாகவே அடையாளம் காண்பேன்.