முரியல் கேட்ட ஜன்னல்

சரித்திர முக்கியத்துவம் வாய்ந்ததென்று அரசாங்கப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறிய கட்டடத்தில் குடியிருப்பது பெரும் பாக்கியம். எங்கள் மில் ஸ்ட்ரீட்டில் அந்தப் பாக்கியம் வில்ஃப்ரட் டாப்ஸ்காட்டுக்கும் அவர் மனைவி முரியலுக்கும் வாய்த்திருந்தது. படுக்கையறை ஜன்னல் ஜார்ஜ் மன்னர்கள் காலத்தது. சட்டம் உளுத்துக் கோணி, விரல் நுழையும் சந்து விழுந்திருந்தது. முரியல் கம்பளித் தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டுதான் படுப்பாள். இந்தக் குளிரில் நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரிவரை போய்வந்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

வந்த கையோடு, புது ஜன்னல் போட அனுமதி கேட்டு நகராட்சிக்கு விண்ணப்பம் போட்டாள். கணவரிடம் மூச்சுவிடவில்லை. அவர் எங்கள் தெருவின் பழமைப் பாதுகாப்புச் சங்கத் தலைவர். யாராவது வாசற்கதவுக்கு வேறு நிறம் அடித்தால்கூட இங்கிலாந்தே மூழ்கிவிட்டதாகத் துடிப்பவர்.

அவர் வெளியே போயிருந்த நேரத்தில் மரபுக் கட்டட அதிகாரி லாம்பர்ட் வந்தார். சந்தில் கையை வைத்து, கண்ணை மூடி ரசித்தார்.

"ராத்திரியெல்லாம் காத்து அடிக்குது சார். தூங்க முடியல," என்றாள் முரியல்.

"இருநூறு வருஷமா அடிக்குதும்மா. அந்தக் காத்தும் கட்டடத்தோட தன்மையில சேர்ந்ததுதான்."

"நானும் பழசுதான் சார். என்னையும் கொஞ்சம் பாதுகாக்கக் கூடாதா?"

"உங்க பேரு பட்டியல்ல இல்லையே."

இருந்தாலும் இரக்கமுள்ள மனிதர். அக்கம்பக்கத்தில் ஆட்சேபம் வராவிட்டால் அனுமதி தருவதாகச் சொல்லிவிட்டு, வழக்கப்படி விளக்குக் கம்பத்தில் அறிவிப்பைக் கட்டிவிட்டுப் போனார். முரியலுக்காக ஒருவரும் ஆட்சேபம் எழுதுவதில்லை என்று, வில்ஃப்ரட் காதில் விழாமல், தெருவே முடிவு செய்தது. ஆளுக்கொரு நாள் சூப்பும் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அனுமதி மறுக்கப்பட்டது. வந்தது ஒரே ஆட்சேபம்தான், ஆனால் மிகவும் பலமானது என்றார் லாம்பர்ட். கையெழுத்து, வில்ஃப்ரட் டாப்ஸ்காட். நாயோடு உலாவப் போனவர் கம்பத்தில் 'ஜன்னல் மாற்றம்' என்பதைப் பார்த்திருக்கிறார். நேரே வீட்டுக்கு வந்து எழுதிவிட்டார். எந்த வீடு என்ற வரிவரை அவர் என்றைக்குமே படித்ததில்லை. ஆட்சேபிக்க அது தேவைப்பட்டதில்லை.

"நம்ம வீடுன்னு எனக்கு எப்படித் தெரியும் முரியல்?" என்றார்.

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டியா, வில்ஃப்?"

அவர் நெடுநேரம் யோசித்தார். முரியல் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் ஜன்னல் போட்ட தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

எங்களுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று கூட்டமாக அவர் வீட்டுக்குப் போனோம். கோட்டும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தவர், அந்த ஆட்சேபக் கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினார். அருமையான கடிதம். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னோம்.

கிளம்பும்போது ஒவ்வொருவராகப் பின்தங்கி, அவரிடம் ஒரு நகல் வாங்கிக்கொண்டோம். என் பக்கத்து வீட்டுக்காரர் சமையலறையை நீட்டிக் கட்டப்போகிறாராம்.