அக்காவின் பாட்டுக்குள் வந்த லொறி

எனக்குப் பாடவும் வராது, ஒரு வாத்தியமும் வாசிக்க வராது. இந்த இரண்டும் வராதவன் இசையில் என்ன செய்யலாம் என்று யோசித்தபோது கண்ணில் பட்டதுதான் மிக்ஸிங். பாடுகிறவர் குரலையும் பின்னணி இசையையும் அளவாகக் கலந்து தருகிற வேலை. இணையத்தில் சில வீடியோக்கள் பார்த்தேன், ஒலிப்பொறியாளன் ஆகிவிட்டேன். (அப்படிச் சொன்ன ஒரே ஆள் நான்தான்.)

அந்த நேரம் பார்த்து சுமதி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அக்காவுக்கு அருமையான குரல். ஆனால் மேடை என்றால் நடுக்கம். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை மைக் முன்னால் நின்று, வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டு இறங்கி வந்தவள். மாப்பிள்ளையோடு மண்டபத்துக்குள் நடந்து வரும்போது, தானே எழுதிப் பாடிய பாட்டு ஒலிக்க வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை.

“ஒரே ஒரு தடவ நாலு பேர் என் குரலக் கேட்டாப் போதும்டா. நான் மைக்கப் புடிக்காமலே,” என்றாள்.

“கவலப்படாதக்கா. மண்டபமே அதிரும்,” என்றேன். அந்த ஒரு வாக்கை மட்டும் காப்பாற்றினேன்.

எங்கள் வீட்டுப் பின்னறைதான் ஸ்டூடியோ. நான்கு பக்கமும் ஒரே நீளத்தில் சிமெந்துச் சுவர், மேலே தகரம். கைதட்டினால் அறையும் திருப்பிக் கைதட்டும். சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டினால் எதிரொலி அடங்கும் என்று எங்கோ படித்தேன். அட்டை சேர்ப்பதற்காகவே வீட்டில் முட்டைக் குழம்பு, முட்டை ரொட்டி, முட்டைப் பொரியல் என்று ஓயாமல் முட்டை. ஒருநாள் அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துவிட்டு, “இன்னும் எத்தன சுவர் பாக்கி?” என்று கேட்டார்.

அக்கா ஒரு பிசிறும் இல்லாமல் பாடிக் கொடுத்தாள். ட்ரம்ஸையும் பேஸ் கிடாரையும் நான் கணினியில் சேர்த்தேன். அறையின் நட்டநடுவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து கேட்டால் எல்லாம் சரி, அடியில் கும்மென்று வர வேண்டிய அந்தப் பேஸ் சத்தத்தை மட்டும் காணோம். ஏற்றினேன். காணோம். இன்னும் ஏற்றினேன்.

கதவு மூலையில் நின்ற அக்கா, “ரவி, வெளிய ஏதாச்சும் லொறி நிக்குதா? உறுமுதே,” என்றாள்.

எங்கள் வீடு மெயின் ரோட்டோரம். தம்புள்ளைக்குப் போகிற மரக்கறி லொறிகள் ஓய்வதே இல்லை. “தம்புள்ள லொறியா இருக்கும்க்கா,” என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, பேஸை மேலும் கொஞ்சம் ஏற்றினேன்.

பிறகு அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து அதே கதவடியில் நின்றார். கோப்பை சோசரில் கிடுகிடுவென்று ஆடியது. “கை நடுங்குதும்மா. பிரஷர ஒருக்கா பாத்துக்குங்க,” என்றேன். (உண்மையாகவே கவலைப்பட்டேன்.)

சின்னச் சதுர அறையின் நடுவில் இருப்பவனுக்குப் பேஸ் கேட்காது, அது முழுக்க மூலைகளில் போய்க் குவிந்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கதிரையைத் தூக்கிக் கதவடியில் போட்டிருந்தால் போதும். வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் காதில் கோளாறு என்று முடிவு கட்டியிருந்தேன்.

கல்யாண நாள். மண்டபத்தில் ஆளுயர ஸ்பீக்கர்கள். பட்டுச்சேலையில் அக்கா அத்தானோடு வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் கட்டைவிரலை உயர்த்தினேன். சவுண்ட்காரர் பாட்டைப் போட்டார்.

பாட்டு வரவில்லை. லொறிதான் வந்தது.

தோரணங்கள் ஆடின. மேசையில் இருந்த சர்பத் கிளாஸ்கள் தாமாகவே ஓரத்துக்கு நகர்ந்தன. அக்காவின் குரல் அந்த உறுமலுக்குள் எங்கோ இருந்தது. கலந்த எனக்கே கேட்கவில்லை. விருந்துக்கான ஐஸ்கிரீமுக்காகக் காத்து முன்வரிசையில் இருந்த பெரியப்பா துள்ளி எழுந்தார். “ஐஸ்கிரீம் லொறி வந்துருச்சு,” என்று வெளியே ஓடினார். வெளியே லொறி இல்லை. மனுசன் விடவில்லை. யாரோ ஒரு விருந்தாளியின் வேனைப் பிடித்து, “என்ட, என்ட, ஹரி ஹரி,” என்று சிங்களத்தில் ‘வாங்க, வாங்க, சரி சரி’ சொல்லிச் சொல்லிச் சமையலறைப் பக்கம் ரிவர்ஸ் எடுக்க வைத்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் கண் கலங்கியிருந்தது. அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, அதையும் நாசமாக்கிவிட்டேன். ஓடிப்போய் நிறுத்தச் சொல்லலாம் என்றால் கால் நகரவில்லை.

அக்கா நகர்ந்தாள். அத்தானை விட்டுவிட்டு விறுவிறுவென்று மேடையேறி, அறிவிப்பாளர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

“டேய் ரவி, அந்த லொறிய நிப்பாட்டுடா.”

சவுண்ட்காரர் பயந்துபோய்ப் பாட்டை நிறுத்தினார். மண்டபம் அமைதியானது. அக்கா தன் கையிலிருந்த மைக்கைப் பார்த்தாள், எதிரே இருந்த கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு அடக்கமுடியாமல் சிரித்துவிட்டாள். மண்டபமும் சேர்ந்து சிரித்தது.

பின்னாலேயே மேடைக்கு வந்த அத்தான், “மைக்ல குரல் நல்லாத்தானே இருக்கு. பாட்டையும் நீயே பாடிரு,” என்றார்.

பாடினாள். முழுப் பாட்டையும், பேஸ் இல்லாமல்.

இப்போதும் வீட்டில் முட்டை வைத்தால் அப்பா முதலில் சுவரைத்தான் பார்க்கிறார். அத்தான் அதைவிட மோசம். அவருக்கு யட்டவத்தயில் பலசரக்குக் கடை. கல்யாண வீடியோவிலிருந்து அக்காவின் அந்த ‘லொறிய நிப்பாட்டுடா’ வரியை வெட்டியெடுத்து, நான் அழைத்தால் மட்டும் அடிக்கிற மாதிரித் தன் போனில் வைத்திருக்கிறார். ஒரு சொல் விடாமல் கடை முழுக்கத் தெளிவாகக் கேட்கிறதாம். சாமான் வாங்க நிற்பவர்கள் லொறி எங்கே என்று ரோட்டை எட்டிப் பார்க்கிறார்களாம்.