குப்புறக் கிடந்த வீரன் மல்லாந்த படலம்

வாழ்க கிருபாகரன்! ஊரப்பாக்கம் ஈன்ற உற்றுநோக்கு வேந்தன், மறைமலைநகர்ப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் கார்க் கதவின் ரப்பர்ப் பட்டைகளை நாளொன்றுக்கு எண்ணூறு வீதம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடும் ஓய்வறியாச் செங்கண்ணன், மாயப்படங்களின் மறைபிழை காணும் மாவீரன், மைனஸ் மூன்றரைக் கண்ணாடி அணிந்த காவலன் வாழ்க! அவன் கொற்றம் பாடுமுன் வணங்க வேண்டியவரை முறைப்படி வணங்கிவிடுவோம். அந்தக் கண்ணாடியைத் தேய்த்துக் கொடுத்த ரயிலடிக் கடைக்காரருக்கு முதல் வணக்கம். ஓடும் படத்தை ஒரு தொடுதலில் உறையவைக்கும் பாஸ் பொத்தானுக்கு அடுத்த வணக்கம். மன்னனின் இடுப்பு வாள் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போனதை முந்நூறு பேர் சுற்றி நின்றும் பார்க்காத படப்பிடிப்புக் குழுக்களுக்கு நெடுஞ்சாண்கிடையாக ஒரு வணக்கம். அவர்கள் இல்லையென்றால் நம் வீரனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலையே இல்லை.

அவன் வென்ற களங்கள் கொஞ்சமா? பேரரசியின் மூக்குத்தி ஒரே வசனத்தில் பக்கம் மாறியதைக் கண்டவன் யார்? ஆயிரம் ஆண்டு தவமிருந்த முனிவரின் கையில் தடுப்பூசித் தழும்பைக் கண்டவன் யார்? மலையுயர அரக்கன் மண்ணதிர நடந்துவர, அவன் குதிங்காலுக்குப் பின்னால் ஊதா நிற பிளாஸ்டிக் வாளி ஒன்று ஆடாமல் அசையாமல் நின்றதைக் கண்டு, சிவப்பு வட்டமிட்டு, அம்புக்குறி போட்டு, உலகுக்கு அறிவித்தவன் யார்? கிருபாகரனேதான். அறிவித்த எட்டாம் நாள் அந்தப் படக் கம்பெனி இணையப் பதிப்பிலிருந்து வாளியைச் சுவடில்லாமல் துடைத்தெடுத்துவிட்டது. தன்னால் ஒரு வாளி உலகை விட்டு நீங்கியது என்ற பெருமிதத்தில் அன்றைக்கு அவன் கேசரி வாங்கி வந்தான்.

இவனையொத்த வீரர்கள் கூடும் பாசறைக்குப் பிழைப்படை என்று பெயர். வாட்ஸப்பில் பதினான்கு பேர். வெளியே அவர்களுக்கு ஒரு பக்கம் உண்டு. அதைப் பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள், படக் கம்பெனிக்காரர்களும் பார்க்கிறார்கள். ஆண்டுக்கொரு பெரும்படம் வரும்போது படைக்குள் போர் மூளும். வெள்ளிக்கிழமை படம் வெளியானால் ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் தன் பிழையைப் பதிவிட வேண்டும்; ஆறு அடித்ததும் வாக்கு; வென்றவன் அடுத்த பெரும்படம்வரை அட்மின். அந்த அரியணையில் மூன்றாண்டுகளாக அசையாமல் அமர்ந்திருந்தவன் செங்கல்பட்டில் செல்போன் உறை விற்கும் விஷால். அவன் ஒருமுறை கிருபாகரனைக் குழுவிலிருந்து நீக்கி, இரண்டு மணி நேரம் கழித்துச் சேர்த்து, “சாரி மச்சான், கை பட்டுடுச்சி” என்று எழுதினான். கை படுமாம்! அந்த இரண்டு மணி நேரத்தைக் கிருபாகரன் இன்னும் மறக்கவில்லை.

அவ்வாறாக, பவழப்பாழி என்னும் பெரும்படம் வந்திறங்கியது. கடலடியில் ஓர் அரசு, அதற்கொரு அரசி, மூவாயிரம் வேதாளங்கள், கரையில் ஒரு மகாயுத்தம். வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பெழுதிக் கொடுத்துவிட்டு மின்ரயிலேறி, செங்கல்பட்டுக் கொட்டகையில் முதல் ஆட்டத்துக்குப் போய் அமர்ந்தான் நம் வீரன். மூன்று வரிசைக்கு முன்னால் விஷால். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்; இருவரும் தத்தம் போனைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்கள்.

இடைவேளை கடந்தது. யுத்தமும் முடிந்தது. மணற்பரப்பில் நாற்பது வீரர்கள் மாண்டு கிடக்க, நடுவே மண்டியிட்டு அரசி கதறியழ, கொட்டகையே மூக்கைச் சிந்திய அந்த வேளையில், அழுகைக்கு மசியாத கிருபாகரனின் கண்கள் திரையின் இடது மூலைக்கு ஊர்ந்தன. ஆகா! அரசியின் தோளுக்குப் பின்னால் மூன்றாவதாகக் கிடந்த பிணம், முதல் காட்சியில் மண்ணில் முகம் புதைத்துக் குப்புறக் கிடந்தது. அடுத்த காட்சியில் அதே பிணம் மல்லாந்து, கண்ணைத் திறந்து, கொட்டகையை நேராகப் பார்த்தது. இரண்டு முறை இமைத்தது. அதற்கடுத்த காட்சியில் ஒன்றும் அறியாததுபோல் மறுபடி குப்புறக் கிடந்தது. தலைக்கவசமும் ஒட்டுத்தாடியும் மறைத்ததுபோக மிஞ்சியது இரண்டு கண்ணும் ஒரு புருவமும்தான். மொத்தம் ஒன்றேகால் நொடி. விஷால் அப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஐயம் தீர அன்று மாலையே இரண்டாம் முறை பார்த்தான். சனிக்கிழமை மூன்றாம் முறை. “ஒரே படத்த எத்தினி வாட்டிதான் பாப்பீங்க? என்ன இப்டி ஒரு வாட்டியாச்சும் பாத்துக்கீறீங்களா?” என்று மனைவி ஹரிப்ரியா கேட்டாள். அவன் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தான்: “பிழைப்படையீர்! செத்தவன் எழுந்தான், சினிமா பார்த்தான், மறுபடி செத்தான்!” அதை உடனே ஏவிவிடாமல், ஞாயிறு மாலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு ஏவுவதென்று வைத்திருந்தான். விஷாலுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கக் கூடாதல்லவா? அரியணை கிட்டத்தட்ட அவனுடையதாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாமனார் போன் செய்தார். திருக்கழுக்குன்றம் சாலையில் வீடு, சொந்தமாக ஒரு தண்ணீர் லாரி, பெயர் கண்ணாயிரம். “மாப்ள, நாளிக்கி நம்ம குடும்பம் மொத்தமும் படத்துக்குப் போறோம். மதிய ஆட்டம். பதினோரு டிக்கெட்டு எட்த்துட்டேன். நீங்க கண்டிப்பா வந்துடணும்.” பொங்கலன்றுகூட லாரி ஓட்டுகிற மனிதருக்குத் திடீரென்று என்ன வந்துவிட்டது? கிருபாகரன் யோசிக்கவில்லை. நான்காம் முறை பார்க்கக் கிடைத்ததே என்று மகிழ்ந்தான்.

ஞாயிறு மதியம். பதினொருவர் ஒரே வரிசையில். கண்ணாயிரம் புதுச் சட்டை போட்டு, மருமகன் பக்கத்தில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். யுத்தம் வந்தது, முடிந்தது, அரசி மண்டியிட்டாள். கிருபாகரன் பழக்கத்தால் இடது மூலைக்குக் கண்ணைக் கொண்டுபோன அதே நொடியில், லாரி ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன கை ஒன்று அவன் முழங்காலை நசுக்கியது.

“மாப்ள! அது நாந்தான்! தாடி வெச்சினு கெடக்குறது நாந்தான்!”

வரிசை முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது. திரையை யாரும் பார்க்கவில்லை. மாமியார் தெய்வநாயகி முறுக்குப் பொட்டலத்தின் வாயைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தார். “எங்க? எது?” என்று எல்லாரும் கேட்டு முடிப்பதற்குள் அரசி குதிரையேறிப் போய்விட்டாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில் கதை அவிழ்ந்தது. பதினான்கு மாதத்துக்கு முன் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் நடந்த படப்பிடிப்புக்குக் கண்ணாயிரம் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார். நாற்பது பிணம் வேண்டிய இடத்தில் முப்பத்தொன்பதுதான் வந்து சேர்ந்ததாம். டேங்கரை நிறுத்திவிட்டு நின்றவரைக் கூப்பிட்டுக் கவசம் மாட்டிப் படுக்கவைத்துவிட்டார்கள். படம் வெளிவரும்வரை வாய் திறக்கக் கூடாதென்று எல்லாரிடமும் ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். மற்ற முப்பத்தொன்பது பேரும் அன்று சாயங்காலமே ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள். இந்த மனிதர் மட்டும் பதினான்கு மாதம் பெற்ற மகளிடம்கூட மூச்சு விடவில்லை.

“ரெண்டு நாளு, வெயில்ல, மண்ணுல மூஞ்சிய பொதச்சினு கெடந்தேன். பொணம் அசயக் கூடாது, பொணம் அசயக் கூடாதுன்னு ஒருத்தன் மைக்குல கத்திகினே கீறான். எனக்குத் தெரியாதா? ஆனா ஒரு வாட்டி கூடவா மூஞ்சி தெரியக் கூடாது? கேமரா அந்தம்மா பக்கம் போச்சி. நான் திரும்பிட்டேன்.”

“சும்மா கத உடாதய்யா,” என்றார் தெய்வநாயகி. “பொணமா நடிச்சேன்னு சொல்லிக்க பதினோரு டிக்கெட்டு! அதுவும் மூஞ்சியே இல்லாத பொணம்!” ஆட்டோவே குலுங்கிச் சிரித்தது. ஹரிப்ரியா, “இன்னாப்பா நீ” என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். கண்ணாயிரமும் கொஞ்ச தூரம் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, பிறகு சாலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

வீடு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து ஐம்பது. எல்லாரும் உள்ளே போனார்கள். கண்ணாயிரம் வாசலில் நின்ற லாரியருகே போய், தேவையே இல்லாமல் டயரைத் தட்டிப் பார்த்தார். கிருபாகரன் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கிய இடமும் அதுதான்.

“மாப்ள,” என்றார் அவர், டயரைப் பார்த்தபடியே. “நீங்க தான் எல்லாத்தயும் உத்து உத்து பாப்பீங்களே. நீங்களாச்சும் பாத்தீங்களா? இல்ல, நெசமாவே என் மூஞ்சி வரலியா?”

கேளீர், உலகத்தீரே! அப்போது அவ்விடத்தில், தண்ணீர் லாரிக்கும் கறிவேப்பிலைச் செடிக்கும் இடைப்பட்ட ஆறடி மண்ணில் மூண்ட போரைப் போல் ஒரு போரைச் செங்கல்பட்டுச் சீமை அதுவரை கண்டதில்லை. ஒரு பக்கம், மூன்றாண்டுத் தோல்வியும், கை பட்டுப்போன இரண்டு மணி நேரமும், விரல் நுனியில் ஏவுதற்கு ஆயத்தமாய்த் துடிக்கும் அறிக்கையும், அதன் பின்னே பளபளக்கும் அட்மின் பதவியும் அணிவகுத்து நின்றன. மறுபக்கம் ஒரே ஒரு கிழவர் நின்றார், புதுச் சட்டையோடு. அறிக்கை போனால் நடக்கப்போவது அவனுக்கு மனப்பாடம். சிவப்பு வட்டம், அம்புக்குறி, பதினோராயிரம் பேரின் கெக்கலி. போன வருடம் கொட்டாவி விட்ட காவலாளி வேடக்காரனுக்கு மாவட்டம் முழுக்கப் பாட்டுக் கட்டி ஓட்டியதில் இவன் பங்கும் உண்டு. அதற்கப்புறம் எட்டாம் நாள், வாளியைத் துடைத்ததுபோலவே அந்த முகத்தையும் துடைத்துவிடுவார்கள். கண்ணாயிரம் இனி எக்காலமும் குப்புறத்தான் கிடப்பார்.

கிருபாகரன் மாமனாரை ஏறிட்டுப் பார்த்தான். வலப் புருவத்தின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. திரையில் மூன்று முறை பார்த்து, நல்ல மேக்கப் என்று மெச்சிக்கொண்ட அதே தழும்பு. ஆறு வருடமாக எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட முகத்தில் அதை அவன் ஒருநாளும் கவனித்ததில்லை. மாவீரனுக்கு வெட்கமாக இருந்தது.

ஐந்து ஐம்பத்தேழு. கடைசி எழுத்திலிருந்து தொடங்கி, பின்னோக்கிப் பின்னோக்கி, செத்தவனையும் எழுந்தவனையும் சினிமா பார்த்தவனையும் தன் கட்டைவிரலாலேயே அழித்தான் அந்தக் கொடையாளன். வெறுங்கையோடு களம் விட்டகலல் வீரர்க்கு அழகன்று என்பதால், ஒரு மேகம் வெள்ளையாக இருந்து கறுப்பானதை அவசரமாக எழுதிப் போட்டான். பிறகு போனைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு, மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று கூடத்துக்குள் நுழைந்து, மின்விசிறியின் கீழ் நின்று முழங்கினான்:

“அத்த, எல்லாரும் கேட்டுக்கங்க! நான் இந்தப் படத்த நாலு வாட்டி பாத்துட்டேன். ராணி தோளுக்குப் பின்னாடி, லெப்ட்ல, மூணாவது ஆளு. மொதல்ல குப்புறக் கெடக்குறாரு. அப்புறம் திரும்பி நேரா நம்மளப் பாக்குறாரு. ரெண்டு வாட்டி கண்ணச் சிமிட்டுறாரு. வலது புருவத்துல தழும்பு கீது. நம்ம மாமாதான். சத்தியமா மாமாதான்.”

படத்தில் ஒரு குறை என்றால் இந்த மாப்பிள்ளை விடமாட்டான், படத்தில் இல்லாததைச் சொல்லவும் மாட்டான் என்பது அந்தக் குடும்பமே சலித்துச் சலித்து அறிந்த உண்மை. ஹரிப்ரியா அப்பாவின் முகத்தையும் கணவனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தெய்வநாயகி கரண்டியோடு சமையலறையிலிருந்து வெளியே வந்து, கணவர் எதிரில் நின்று, அவர் புருவத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லா தெரியுதா மாப்ள?” என்று கேட்டார்.

“பளிச்சுனு தெரியுது அத்த. டிவியில வந்ததும் நிறுத்திக் காட்றேன். எவ்ளோ நேரம் வேணா பாருங்க.”

கண்ணாயிரம் துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே கணம் வீரனின் சட்டைப்பை அதிர்ந்தது, மீண்டும் அதிர்ந்தது, இடைவிடாமல் அதிர்ந்தது. அரசியின் பழுப்புக் குதிரை நடுவழியில் கறுப்புக் குதிரையானதாக விஷால் கண்ட பிழைக்குப் பதினோரு வாக்கு; மேகத்துக்கு இரண்டு, அதில் ஒன்று கிருபாகரன் தனக்குத்தானே போட்டுக்கொண்டது. “நாலாவது வருஷமும் நாந்தான்டா அட்மின்!” என்று பட்டாசுப் படங்களோடு விஷால் பறையறைந்திருந்தான். திசையெட்டும் கேட்க ஒலித்த அவ்வெற்றி முழக்கத்தை ஏறெடுத்தும் பாராத ஏந்தல், பகை முடிக்கும் பெருந்தோள் தாழ்த்தி, களம் துறந்த காளை, கிருபாகரன், தரையில் சம்மணமிட்டு மாமனாருக்குப் பக்கத்தில் போய் அமர்ந்தான்.

டீயோடு உளுந்து வடை வந்தது. எல்லாருக்கும் இரண்டு, கண்ணாயிரத்துக்கு மூன்று.