புறா மார்க் துப்பாக்கி

சூளையிலிருந்து வந்த துப்பாக்கி ஒரு விரற்கடை குட்டையாக இருந்தது.

கொளஞ்சியப்பன் அதை அசல் துப்பாக்கியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்பனும் பிள்ளையும் நிற்பது போல இருந்தது.

“என்னா வீரம்மா, மண்ணைத் திருடிட்டியா?”

பொம்மைப் பட்டறை வீரம்மாள் அச்சிலிருந்து ஒரு பிள்ளையாரை உருவிக்கொண்டே சொன்னாள். “மண்ணு வெந்தா சுருங்கும்ணே. விருதாசலத்துல கொழந்தைக்குக்கூடத் தெரியும். இத்தினி வருசம் செராமிக் கம்பெனியில இருந்தீங்களே?”

இருந்தார். கேட்டில் இருந்தார். வேலை முடிந்து போகிறவர்களின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, உள்ளே கப்பு, சாசர் எதுவும் போகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. வீரம்மாளின் தூக்கையும் பல வருடம் திறந்து பார்த்திருக்கிறார். தூக்கைச் சோதித்தவருக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்?

வாட்ச்மேன் கையில் ஒரு கம்பைத்தான் கொடுத்தார்கள். அந்தக் குறையோ என்னவோ, வேலையை விட்டு வந்த பிறகு தீபாவளித் துப்பாக்கி சேர்க்க ஆரம்பித்தார். கண்ட துப்பாக்கியும் இல்லை. சுருள் கேப்பு போட்டுச் சுடுகிற, புறா மார்க் துப்பாக்கி மட்டும். மெட்ராஸில் எப்போதோ மூடிப்போன கம்பெனி. துப்பாக்கிப் பிடியில் புறாவைப் பொறித்த அந்த முதலாளி புத்திசாலியா பைத்தியமா என்று இன்றுவரை தெரியாது. காயலாங்கடை, மாசி மகத்துக் கடை, வீடு இடிக்கிற இடம் என்று அலைந்து எல்லா மாடலையும் பிடித்துவிட்டார். ரெட்டைக்குழல் ஒன்றுதான் சிக்கவில்லை.

அது ஸ்ரீமுஷ்ணத்தில் ஜம்புநாதன் என்பவரிடம் இருந்தது. பெண்ணாடம் காயலாங்கடைக்காரர் கொடுத்த நம்பரை வைத்து அந்த ஆளே போன் செய்தார்.

“உங்ககிட்ட சக்கரம் சுத்துற மாடல் இருக்காமே. என்கிட்ட ரெட்டைக்குழல் இருக்கு. மாத்திக்கலாமா?”

“பேஷா. ரெண்டு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை வாங்க” என்றார் கொளஞ்சியப்பன்.

போனை வைத்ததும் அவர் யோசித்தது, இந்த ஆள் எப்படி ஏமாற்றப் போகிறான் என்பதைத்தான். ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாததால் சந்தேகம் இன்னும் கூடியது. சக்கரத் துப்பாக்கியைக் கொடுக்கவும் மனசில்லை. ரெட்டைக்குழலை விடவும் மனசில்லை. அவன் ஏமாற்றுவதற்குள் நாம் முந்திக்கொள்வது என்று முடிவு செய்தார். பீங்கான் ஊரில் இருந்துகொண்டு ஒரு நகல் எடுக்க முடியாதா?

எடுத்த நகல்தான் குட்டை.

“அசல் மேல மாவு அப்பி அச்சு எடு. சுருங்கினா சரியா வந்துடும்” என்றார்.

“வேணாம்ணே.”

“சொன்னதைச் செய்.”

இரண்டாவது துப்பாக்கி நீளம் சரியாக வந்தது. ஆனால் உடம்பெல்லாம் வீங்கியிருந்தது. பிடியில் இருந்த புறா, கோழியாகியிருந்தது.

“யாருக்கும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு.”

“எது மேல?”

“அந்தப் பிள்ளையார் மேல.”

“அது இன்னும் வேகலைண்ணே.”

“பரவால்ல, பண்ணு.”

வீட்டுக்குக் கொண்டுபோய் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வீக்கம் குறைந்தது, வயிற்றில் ஓட்டை விழுந்தது. ஓட்டை வழியாகப் பார்த்தால் உள்ளே வெறும் கூடு. அதனால்தான் எடையும் இல்லை என்று ஆற்று மணலைக் கொட்டி, ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்தார். எடை வந்தது. கூடவே, ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தமும் வந்தது. கடைசியில் கேட்டுக்கு அடிக்கிற வெள்ளிப் பெயின்ட்டை வாங்கி அடித்தார். ஐப்பசி மழையில் அது காயவேயில்லை. வெள்ளிக்கிழமை காலையில் தொட்டால் விரலில் ஒட்டியது. வேறு வழியில்லாமல் ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே கண்ணாடிப் பேப்பர் ஒட்டி, சுற்றிலும் டேப்பு போட்டார்.

ஜம்புநாதன் குடையும் துணிப்பையுமாக வந்தார். ஒல்லியான ஆள். டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பையிலிருந்து கண்ணாடி மூடி போட்ட பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே ரெட்டைக்குழல் பளபளவென்று இருந்தது. அதைச் சுற்றியும் டேப்பு.

“தப்பா நெனைக்காதீங்க. இதைத் தொறக்க வேண்டாம். மழைக்காலம், காத்து பட்டா துரு ஏறிடும்.”

கொளஞ்சியப்பனுக்கு உயிர் வந்தது. “ஐய, நானே சொல்லணும்னு இருந்தேன். என்னுதும் அப்படித்தான். பொங்கல் வரைக்கும் தொறக்காதீங்க.”

“பொங்கல் வரைக்கும். ரொம்ப சரி.” ஜம்புநாதன் மூக்கை உறிஞ்சினார். “பெயின்ட் வாசனை வருதே?”

“கேட்டுக்கு அடிச்சேன்.”

ஜம்புநாதன் வெளியே துருவேறிக் கிடந்த கேட்டைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கி லேசாக ஆட்டினார்.

“உள்ள என்னமோ உருளுதே?”

“கேப்பு. நமுத்த கேப்பு. வெடிக்காது.”

ஜம்புநாதன் தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் துணிப்பைக்குள் வைத்தார். பெரிய மனுஷன் என்று நினைத்துக்கொண்டார் கொளஞ்சியப்பன். ஏமாளி என்றும் நினைத்துக்கொண்டார்.

வேலை முடிந்தது. அந்த ஆள் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் உட்காரப் பார்த்தார். இரண்டாவது நாற்காலியில் பழைய பேப்பர் மலை மாதிரி கிடந்தது. அதை இறக்கி வைத்தார் கொளஞ்சியப்பன். டீ போட்டார். அப்போதுதான் வீட்டில் டம்ளர் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பது உறைத்தது. ஊரெல்லாம் கப்பு சுடுகிறார்கள். அவர் வீட்டில் இரண்டாவது கப்பு இல்லை. டம்ளரை வந்தவருக்குக் கொடுத்துவிட்டு, தன் டீயைச் சொம்பில் ஊற்றிக் குடித்தார்.

“அடுத்த தடவை வரும்போது ஒரு கப்பு கொண்டாரேன்” என்றார் ஜம்புநாதன், சிரித்துக்கொண்டே.

பிறகு துப்பாக்கிப் பேச்சு. எந்த மாடல் ‘டப்’ என்னும், எது ‘டிக்’ என்னும், எது பத்து தடவை இழுத்தால் ஒரு தடவை வெடிக்கும் என்று. “என் பொண்ணு நாக்பூர்ல இருக்கா. இதெல்லாம் சொன்னா, பிபி மாத்திரை போட்டியாப்பான்னு கேக்குறா” என்றார் ஜம்புநாதன். விரலை நீட்டி ஜன்னலைச் சுட்டார். கொளஞ்சியப்பன் செத்தவன் மாதிரி நாற்காலியில் சாய்ந்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் டிவியைத் தவிர வேறு எதுவும் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டார். “போயிட்டு வரேங்க” என்று ஜன்னலிலிருந்து கை காட்டினார் ஜம்புநாதன்.

திரும்பி வந்து ரெட்டைக்குழலை மற்ற துப்பாக்கிகளோடு வைத்தார். புறா மார்க் வரிசை முழுசாகிவிட்டது. பார்த்தார். மறுபடி பேப்பரை நாற்காலியில் ஏற்றப் போனார். ஏற்றவில்லை. நாற்காலி காலியாகவே கிடந்தது.

அந்த வாரம் போன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பெட்டியைத் திறந்திருப்பான், பெயின்ட்டு கையில் ஒட்டியிருக்கும், மணல் கொட்டியிருக்கும், ‘தூ’ என்று துப்பியிருப்பான். திட்டுவதற்காவது போன் செய்யலாம் இல்லையா? போனில் சார்ஜ் இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்தார். தானே கூப்பிடலாம் என்று நம்பரை எடுத்தார். என்ன சொல்வது? வைத்துவிட்டார். ஊரில் எல்லாரும் கள்ளன் என்று கேட்டைக் காத்தவர், வீடு தேடி வந்த ஒரே ஆளுக்கு மணல் அடைத்த சட்டியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

ஒருநாள் காலையில் அசல் சக்கரத் துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். வழியில் வீரம்மாள் பட்டறையில் நின்றார்.

“ரெண்டு கப்பு குடும்மா.”

“இன்னைக்கு என்னா, எல்லாருக்கும் கப்பு ஞாபகம்? இப்பத்தான் ஒருத்தர் ஒத்தைக் கப்பு வாங்கிட்டுப் போறாரு. உங்களுக்கெதுக்கு ரெண்டு? யாரு வரா உங்க வூட்டுக்கு?”

“இனிமே வரமாட்டாரு. அதான் நானே போறேன்.” துண்டைப் பிரித்துக் காட்டினார். “அன்னைக்கு நீ செஞ்சியே, அந்தப் போலியை ஸ்ரீமுஷ்ணத்து வாத்தியார் தலையில கட்டிட்டேன். பாவம், நல்ல மனுஷன், நம்பி அசலைக் குடுத்துட்டுப் போனாரு. அவரு கால்ல விழுந்தாவது இதைக் குடுத்துட்டு வரணும்.”

கப்பைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்த வீரம்மாள் நிறுத்தினாள்.

“எந்த வாத்தியாரு? ஒல்லியா, கொடை வச்சிக்கிட்டு?”

“உனக்கெப்படித் தெரியும்?”

வீரம்மாள் பலகையில் வெந்து, வண்ணம் பூசி உட்கார்ந்திருந்த பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாயை முந்தானையால் பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை.

“அவரும் இதே பிள்ளையார் மேலதாண்ணே சத்தியம் வாங்கினாரு, உங்க சக்கரமும் அவரு ரெட்டைக்குழலும் ஒரே சூளையில, பக்கத்துப் பக்கத்துலதான் வெந்துது.”