கிராம்பு போட்ட கிரம்பிள்

பேருந்து சுசீந்திரத்தைத் தாண்டும்போது ஞானதாசன் மடியிலிருந்த டப்பாவுக்குள் விரலை விட்டான். விரல் டப்பாவின் அடியைத் தொட்டது. குனிந்து பார்த்தான். ஒரு புளூபெர்ரிகூட மீதி இல்லை.

திருட்டுப் போகவில்லை. பக்கத்து இருக்கை அம்மாள் கீரைக்கட்டைக் கட்டிப் பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தின்றது அவனேதான். நாகர்கோவிலில் வண்டி ஏறியதும், சரியான பழம்தானா என்று பார்க்க ஒன்றை வாயில் போட்டான். அதன் பிறகு ஜன்னலுக்கு வெளியே வயல் வந்தது. வயலுக்கு மேலே மேகம் நின்றது. மேகத்தின் நிழல் நாற்றின் மேல் மெல்ல நகர்ந்து தென்னந்தோப்புக்குள் போய் மறைந்தது. குளத்தில் கொக்குகள் ஒற்றைக்காலில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

ஞானதாசன் அப்படிப்பட்ட ஆள். மயிலாடியில் கல்லில் எழுத்து வெட்டுவது அவனுக்குத் தொழில். அடிக்கல், கல்லறைக் கல், வாசலில் பதிக்கிற வீட்டுப் பெயர், எல்லாம் வெட்டுவான். கல்லில் தப்பாக வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது என்பதால் ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாலும் கொஞ்ச நேரம் யோசிப்பான். நாளடைவில் அந்த யோசனை தனியாகப் பிரிந்து, எழுத்து இல்லாத நேரத்திலும் தானாக வர ஆரம்பித்துவிட்டது. நல்ல மனசுக்காரர்கள் இதைக் கனவு என்பார்கள். கல் கேட்டுக் காத்திருப்பவர்கள் வேறு வார்த்தை சொல்வார்கள்.

ஆனால் இன்றைக்குக் கனவு காணக் கூடாது என்று காலையிலேயே தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் கிளம்பினான். அவன் மனைவி ஷைஜா இரண்டு வருடம் கழித்து அயர்லாந்திலிருந்து வருகிறாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, சாயங்காலம் காரில் வீடு வந்து சேருவாள். போன வாரம் போனில், "ஒங்ககிட்ட ஒரு காரியம் சொல்லணும். போன்ல வேண்டாம், நேர்ல வந்து சொல்லுதேன்" என்றாள்.

அன்றிலிருந்து அவனுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் காரியம் என்னவென்று அவனுக்குத் தெரியும். அங்கேயே தங்கிவிடப் போகிறாள். அவனையும் வரச் சொல்வாள். அவன் அங்கே போய் என்ன செய்வான்? அந்த ஊர்க் கல்லறையில் யார் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கப் போகிறார்கள்?

ஆதாரமும் அவனிடம் இருந்தது. ஷைஜாவோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஜின்சி ஞாயிறுதோறும் ஒரு போட்டோ அனுப்புவாள். ஷைஜா கையில் கிண்ணம். கிண்ணத்தில் கருநீலமாக, மேலே பொன்னிறத்தில் உதிரி உதிரியாக மாவு போட்டுச் சுட்ட ஒரு பலகாரம். புளூபெர்ரி கிரம்பிள் என்று கீழே எழுதியிருக்கும். கரண்டி வாயில் இருக்கும். கண்கள் மூடியிருக்கும். எந்தப் போட்டோவை எடுத்தாலும் கண்கள் மூடித்தான் இருக்கும்.

வீட்டில் அவன் வைத்த எந்தக் குழம்பையும் அவள் கண்ணை மூடித் தின்றதில்லை. இப்படிச் சொக்கிப் போகிற ருசி அங்கே இருக்கும்போது எதற்காக இங்கே வரப்போகிறாள்?

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தான். அந்த ருசியையே மயிலாடிக்குக் கொண்டுவந்துவிட்டால்? ஷைஜா ஒரு கரண்டி வாயில் போடுவாள். கண் தானாக மூடும். சொல்ல வந்த காரியம் நாக்கிலேயே கரைந்துவிடும். செல்போனில் செய்முறையைப் பலமுறை பார்த்துவிட்டான். சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடலாம் என்று அதில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு ஞானதாசனைத் தெரியாது.

மறுபடியும் நாகர்கோவில் போய்வர நேரமில்லை. காலி டப்பாவோடு மயிலாடியில் இறங்கி நடந்தவன், கிறிஸ்தவக் கோயில் காம்பவுண்டு ஓரமாக நின்றான். உள்ளே ஞாவல் என்று ஊரார் சொல்லும் நாவல் மரத்தடி முழுக்க ஊதா நிறமாக இருந்தது. காற்றுக்குப் பழம் உதிர்ந்துகொண்டே இருந்தது. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டால் உருவமும் ஒன்றுதான். யோசித்துப் பார்த்தால், புளூபெர்ரி என்பது வெளிநாடு போய்க் கொட்டையை இழந்த ஞாவல், அவ்வளவுதானே? சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

வெள்ளைச் சட்டையின் முன்பக்கத்தை ஏந்தி, பழத்தைப் பொறுக்கினான்.

கொட்டை எடுத்து முடிப்பதற்குள் அவன் முழங்கை வரை ஊதாவாகிவிட்டது. சட்டையைப் பற்றிப் பேச வேண்டாம். பக்கத்து வீட்டுப் பூங்கனி அக்கா முறம் கேட்டு வந்தவள் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன மக்கா இது கோலம்?"

"புளூபெர்ரி, அக்கா."

"இது ஞாவப்பழம்லா?"

"இன்னைக்கு மட்டும் புளூபெர்ரி. ஷைஜாகிட்ட சொல்லிராதீய."

"செரி. கோயில் மரத்துப் பழம்லா. ஞானஸ்நானம் குடுத்துப் பேர மாத்திட்டியாக்கும்."

பழத்தில் சர்க்கரை போட்டான். ஞாவல் நாக்கைப் பிடித்து இழுத்தது. இன்னும் சர்க்கரை போட்டான். பிறகு மாவையும் ஓட்ஸையும் வெண்ணெயையும் ஒரு பாத்திரத்தில் கொட்டினான். விரல் நுனியால் உதிரி உதிரியாகப் பிசற வேண்டும் என்று செய்முறையில் இருந்ததை அக்காவிடம் சொன்னான்.

"புட்டுக்கு நனைக்க மாதிரின்னு சொல்லு. அதுக்கு எதுக்கு வெள்ளக்காரி?"

அக்கா முறத்தோடு போய்விட்டாள். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. மாவு விரலுக்கிடையில் மணல் மணலாக உதிர்ந்தது. அப்போது பார்த்து வெளியே சாரல் விழ ஆரம்பித்தது. முற்றத்துத் தகரத்தின் மேல் அது மெதுவாகப் பேசுவதுபோல் கேட்டது. வெண்ணெய் மணமும் மழை மணமும் ஒன்றாகக் கலந்தன. அடுக்களை வாசலில் ஷைஜா சாய்ந்து நிற்பதுபோலவும், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே "என்ன செய்யிதிய?" என்று கேட்பதுபோலவும் அவனுக்குத் தோன்றியது. கல்யாணமான புதிதில் அவள் அப்படித்தான் நிற்பாள். அந்த இடத்தில் இரண்டு வருடமாக வெறும் வெளிச்சம்தான் நின்றுகொண்டிருந்தது. அவள் இல்லாமல் அவனுக்கு முடியவில்லை. அதை அவளிடம் சொல்லத்தான் ஒருநாளும் தெரிந்ததில்லை.

சாரல் நின்றது. கையைப் பார்த்தான். மாவு நன்றாக உருண்டு திரண்டு, புரோட்டா அடிக்கத் தயாராக இருந்தது.

உதிர்ப்பதற்காகக் கொஞ்சம் மாவு சேர்த்தான். காய்ந்துபோனது. வெண்ணெய் சேர்த்தான். குழைந்தது. மறுபடியும் மாவு. மறுபடியும் வெண்ணெய். ஒருவழியாக அது உதிரியானபோது கல்யாண வீட்டுக்குப் போதுமான அளவு ஆகியிருந்தது. வாங்கி வைத்திருந்த கண்ணாடிப் பாத்திரம் அதற்கு முன்னால் சோப்பு டப்பா மாதிரி தெரிந்தது. வீட்டில் அவ்வளவு பெரிய பாத்திரம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. நேற்று சாளை மீன் கறி வைத்த மண்சட்டி.

சோப்பு போட்டுக் கழுவினான். புளி போட்டுத் தேய்த்தான். முகர்ந்து பார்த்தான். மண்சட்டிக்குள் குடியேறிய சாளை இதற்கெல்லாம் பயப்படுவதாக இல்லை. பழத்தை அடியில் போட்டு, மாவை மேலே குவித்து, சட்டியைத் தூக்கிக்கொண்டு முக்குக் கடை பேக்கரிக்கு ஓடினான்.

பேக்கரி குமாரதாஸ் போர்மா என்கிற பெரிய விறகு அடுப்பின் வாயில் நீளக் கட்டையை விட்டு, பன் தட்டுகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். சட்டியைப் பார்த்துவிட்டுக் கட்டையை வைத்தார்.

"இது என்ன சாதனம் வே?"

"கிரம்பிள், அண்ணே."

"கிராம்பா?"

"கிராம்பு இல்ல. கிரம்பிள். கிரம்... பிள்."

"அதத்தான் நானும் சொல்லுதேன்." குனிந்து முகர்ந்தார். "மீன் வாட அடிக்கே?"

"அது சட்டி வாட. நீங்க இத மேல செவக்க விட்டுத் தந்தாப் போதும். ஷைஜா வருதா."

"ஆரு, ஷைஜாவா? நீ போய் இரி. நான் பாத்துக்கிடுதேன்."

ஞானதாசன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். சூட்டில் பன் மணம் வந்துகொண்டிருந்தது. எதிரே மருந்துவாழ் மலையின் உச்சியை மேகம் மூடிக்கொண்டும் திறந்துகொண்டும் இருந்தது. அந்த மேகம் அப்படியே மெல்ல மிதந்து அயர்லாந்து போனால், அங்கே பச்சைப் புல்லில் வரிசையாக நிற்கும் கற்களில் எல்லாம் தமிழ் எழுத்தாக இருந்தால், அவன் உளியோடு அங்கே உட்கார்ந்திருக்க ஷைஜா குடைபிடித்துக்கொண்டு வந்தால் என்று அவன் போய்க்கொண்டே இருந்தான். போகவும் பயமாக இருந்தது. அவள் இருக்கிற இடத்துக்குப் போகாமல் இருக்கவும் பயமாக இருந்தது.

குமாரதாஸ் தோளைத் தட்டியபோதுதான் திரும்பி வந்தான். மூக்குக்குள் சுள்ளென்று ஏதோ ஏறியது. பல் டாக்டர் அறைக்குள் நுழைந்ததுபோல் இருந்தது.

"பாத்தியா, மீன் வாட போச்சா?" என்றார் குமாரதாஸ் பெருமையாக. "பேரு கிராம்புள்ளுன்னு வச்சிகிட்டு, ஒரு கிராம்பு போடாமக் கொண்டு வந்திருக்க. கல்லுல ஒரு எழுத்து விட்டாச் சும்மா இருப்பியா? நானே மாவ கிண்டி ஒரு பிடி போட்டேன். நம்ம மாறாமலத் தோட்டத்துக் கிராம்பாக்கும்."

"ஒரு பிடியா, அண்ணே?"

"சின்னப் பிடிதான்."

கிராம்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிடலாம் என்று வேகமாக வீட்டுக்கு வந்தான். வாசலில் கார் நின்றது.

ஷைஜா இறங்கி நின்றிருந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். தலையில் சாரல் துளிகள் இருந்தன. கூடவே ஜின்சியும் வந்திருந்தாள். அவள் வீடு அஞ்சுகிராமம். இங்கே ஒரு சாயா குடித்துவிட்டு அதே காரில் போக வேண்டியவள்.

"கையில என்ன இது, ஊதாவா?" என்றாள் ஷைஜா.

"மை. கல்லுல எழுத்து வரைஞ்சேன்."

"சட்டையிலயுமா வரைஞ்சிய?"

அவன் சட்டியை மேசையில் வைத்து, இரண்டு கிண்ணங்களில் பரிமாறினான். "புளூபெர்ரி கிரம்பிள்" என்றான், கல்லறை வாசகம் வாசிக்கிற குரலில். பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஷைஜா ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். ஞானதாசன் அவள் கண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்கள் மூடவில்லை. இன்னும் அகலமாகத் திறந்தன. மெதுவாகத் தண்ணீர் நிறைந்தது. பல்லில் ஒரு கிராம்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. அவள் இன்னொரு கரண்டி எடுத்தாள். அப்போதும் கண்கள் மூடவில்லை. அவன் மனசு நோகக் கூடாது என்று தின்கிறாள் என்பது அவனுக்கு விளங்கியது. எல்லாம் முடிந்துவிட்டது என்பதும் விளங்கியது.

"போதும் ஷைஜா, வச்சிரு" என்றான். "அது புளூபெர்ரி இல்ல. அத நான் பஸ்ஸுலயே தின்னுட்டேன். இது நம்ம கோயில் மரத்து ஞாவப்பழம். சட்டி, சாளக்கறி வச்ச சட்டி. கிராம்பு குமாரதாஸ் அண்ணன் போட்டது. ஒனக்கு அந்த ஊரு ருசியக் காட்டி இங்கன நிறுத்திரலாம்னு பாத்தேன். முடியல்ல. நீ இல்லாம எனக்கு முடியல்ல, அதான் காரியம். செரி, நீ சொல்ல வந்ததச் சொல்லிரு. அங்கயே இருக்கப் போறியா?"

ஷைஜா வாயிலிருந்ததை விழுங்கினாள். கிராம்புக் காம்பு ஒன்றை எடுத்துக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தாள். அவள் நாக்கு ஊதாவாகியிருந்தது.

"வேலைய எழுதிக் குடுத்திட்டு வந்திட்டேன்" என்றாள். "இனி போவல்ல. நாகர்கோவில்ல ஒரு ஆஸ்பத்திரியில கேட்டு வச்சிருக்கேன். என்னக் கேக்காம வேலைய விட்டுட்டியேன்னு நீங்க சத்தம் போடுவியளோன்னு நான்லா பயந்துகிட்டு வந்தேன்."

சொல்லிவிட்டு அவள் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, கிண்ணத்தை மறுபடி நிரப்பிக்கொண்டாள்.

ஞானதாசன் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தான். சந்தோஷத்தில் அவனுக்குக் காது அடைத்துக்கொண்டது. ஆனாலும் கல்லில் எழுத்து வெட்டுகிறவனுக்கு ஒரு புள்ளி விட்டுப்போனாலும் மனசு ஆறாது.

"அப்ப அந்தக் கிரம்பிள்?" என்று கேட்டான். "ஞாயித்துக்கெழம தோறும் கண்ண மூடி மூடி ரசிச்சுத் தின்னியே. அதயா விட்டுட்டு வந்த?"

ஷைஜாவின் வாய் நிறைந்திருந்தது. பதிலை ஜின்சிதான் சொன்னாள்.

"ரசிச்சாளா? அங்க ஞாவப்பழம் கெடைக்காதுல்லா அண்ணே, இது நம்ம கோயில் மரத்து ஞாவப்பழம், கோயில் மரத்து ஞாவப்பழம்னு சொல்லிச் சொல்லி, கண்ண இறுக்கி மூடிகிட்டுத்தான் அத முழுங்குவா."