பல்லாத்தான் இருக்கும்

மனித இனத்தில் பல்நிபுணர் என்றொரு வகையினர் உண்டு. பல் பிடுங்கும் மருத்துவரோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் இருக்கிற பல்லைப் பார்ப்பவர்; இவர் இன்னும் முளைக்காத பல்லைப் பார்ப்பவர். பட்டம் பெறாமல், பலகை மாட்டாமல், கட்டணம் வாங்காமல், மாடிப்படியிலும் மொட்டைமாடிக் கொடிக்கயிற்றின் அடியிலும் அலுவலகச் சாப்பாட்டு மேசையிலும் தொழில் நடத்துவார். நாடி பார்ப்பதில்லை. நாக்கை நீட்டச் சொல்வதில்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று தாய் சொல்லத் தொடங்கியதுமே, முடிக்கும் சிரமத்தை அவளுக்குக் கொடாமல் நோயைக் கண்டறிந்துவிடுவார்: "பல்லாத்தான் இருக்கும்."

நான் நன்கறிந்த பல்நிபுணர் மூன்று பிள்ளை பெற்ற ஓர் அக்கா. அவருக்கு எதிர்வீட்டில் ஒரு தையல்காரப் பெண். அவளுக்கு இதுதான் முதல் குழந்தை. அன்று காலை அவள் தோளில் பையும் இடுப்பில் பிள்ளையுமாகக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அக்கா துடைப்பத்தோடு வாசலில் நின்றார்.

"எங்க கிளம்பிட்ட?"

"டாக்டர்கிட்ட, அக்கா. விடிஞ்சதிலேர்ந்து தண்ணியாவே போறான்."

"பல்லாத்தான் இருக்கும்."

"வாந்தியும் எடுக்கறானே."

"அது மேல்பல்லு."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அக்கா தொடர்ந்தார்.

"மூணு பெத்தவ சொல்றேன், கேளு. பல்லுக்கெல்லாம் டாக்டர்கிட்ட ஓடுனா ஊரே சிரிக்கும். முதல்ல தண்ணி குடுக்கறத நிறுத்து. உள்ள போறதுதானே வெளிய வருது? குழாய மூடிட்டா வாளி நிரம்புமா?"

தருக்கத்தில் பிழையே இல்லை. குழந்தை மட்டும் குழாயாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இளந்தாயைத் தடுத்தது தருக்கமன்று. ஊர் சிரிக்கும் என்ற அந்த ஒரு சொல். முதல் பிள்ளைக்காரிக்கு நோயைவிட நகைப்பே பெரிய அச்சம். பூட்டிய கதவை மறுபடி திறந்தாள்.

பகல் சாய்வதற்குள் பிள்ளை துவண்டுவிட்டான். கண்கள் குழிந்தன. அழுதான், கண்ணீர் வரவில்லை. இடுப்புத் துணியில் சிறுநீரின் ஈரமே இல்லை. பல் முளைத்தால் எச்சில் அல்லவா ஒழுக வேண்டும், இவன் உதடு ஏன் இப்படி வறண்டு கிடக்கிறது என்று அவளுக்குத் தானாகவே ஓர் ஐயம் பிறந்தது. தாயின் ஐயம் சாதாரணமானதன்று. அது செருப்பைத் தேட விடாது. வெறுங்காலோடு ஓடினாள். எதிர்க்கதவு சாத்தியிருந்தது. நல்லவேளை என்று எண்ணிக்கொண்டாள்.

மருத்துவமனையின் முதல் பெஞ்சில், மடியில் தம் கடைசி மகனோடு உட்கார்ந்திருந்தார் அக்கா.

"அக்கா, நீங்க எங்க இங்க?"

"ரெண்டு தடவ போயிட்டான்டி. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"பல்லா?"

அந்த நேரம் பார்த்து மகன் கொட்டாவி விட்டான். மேலும் கீழும் முழு வரிசை, ஒன்றுகூட பாக்கியில்லை.

"இது வேற," என்றார் அக்கா.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சொன்ன முன்னோர், வயிற்றுப்போக்கை ஏனோ விட்டுவிட்டனர்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எதிர்வீட்டுப் பிள்ளையின் வறண்ட உதட்டை அப்போதுதான் அக்கா பார்த்தார். அந்த நோயாளியை அவர் பார்த்தது அதுவே முதல் முறை. சட்டென்று எழுந்தார். "எங்க முறை இவளுக்கு. யாரும் எதுவும் பேசக்கூடாது," என்று கூட்டத்துக்கு அறிவித்து, அவளை உள்ளே தள்ளி, தாமும் மகனைத் தூக்கிக்கொண்டு பின்னால் நுழைந்தார்.

மருத்துவர் குழந்தையின் வயிற்றுத் தோலை லேசாகக் கிள்ளிப் பார்த்தார். முகம் மாறிற்று.

"தண்ணி குடுத்தீங்களா?"

"காலையிலேர்ந்து நிறுத்திட்டேன், டாக்டர்."

"நிறுத்தினீங்களா? யார் சொன்னா?"

அவள் தரையைப் பார்த்தாள். "சொன்னாங்க…"

"அதானே, டாக்டர்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "யாருதான் இப்படியெல்லாம் சொல்லித் தர்றாங்களோ."

உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசலைத் தாய் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். விளக்கு வைக்கும் வேளையில் பிள்ளை கரண்டியைத் தட்டிவிட்டு வீறிட்டான். கன்னத்தில் கண்ணீர் உருண்டது. பிள்ளையின் கண்ணீரைக் கண்டு சிரித்த தாயை அந்த அறை அன்று பார்த்தது.

வெளியே வந்தபோது, பெஞ்சில் புதிதாக வந்த ஒருத்தியிடம் அக்கா பேசிக்கொண்டிருந்தார். "எத்தன மாசம்? ம். பல்லாத்தான் இருக்கும். ஆனா தண்ணிய மட்டும் நிறுத்திடாத."

அறிவு இப்படித்தான் அங்குலம் அங்குலமாக வளர்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் தையல்காரப் பெண்ணின் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று நான் இதுவரை சொல்லவில்லை, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. படித்துக்கொண்டு வரும்போது எங்கேனும் ஓரிடத்தில், 'அது சரி, எத்தனை மாசக் குழந்தை?' என்று உங்கள் மனம் மெல்லக் கேட்டதா?

கேட்டிருந்தால், உங்களுக்குள்ளும் ஒரு பல்நிபுணர் இருக்கிறார்; நாளை உங்கள் மாடிப்படியில் ஒரு தாய் பையும் பிள்ளையுமாக இறங்கி வருகையில், வாயைத் திறவாமல் வழிவிட்டு நில்லுங்கள்.