திங்கட்கிழமை ஐந்து மணிப் போர்

வாழ்க சரண்யாதேவி! வெல்க அவள் பொறுமை! உப்பங்காற்றில் துருவேறிய பெடஸ்டல் ஃபேனை வெண்கொற்றக் குடையாகவும், ஒரு கால் வளைந்த பிளாஸ்டிக் நாற்காலியை அரியணையாகவும், மூடி இறுகாத தேநீர்ப் பிளாஸ்க்கைப் போர்முரசாகவும் கொண்டு, கடற்கரைச் சாலையில் சரக்கு அடுக்கிய பழங்கிட்டங்கி ஒன்றின் முன்னறையில், இளைஞர் நலக் கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பாளர் என்னும் பெரும்பட்டம் தாங்கி வீற்றிருக்கும் வீரத்திருமகளே! ஊரிலுள்ள சேவை அமைப்புகளையெல்லாம் ஒரே நூலில் கோக்கப் புறப்பட்டவளே! கோக்கப் போன நூலே சிக்காகி நின்றபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தவளே! உன் புகழ் பாடப் புகுந்தேன். அலைகடலே, வெண்ணுப்புக் குவியல்களே, துறைமுகத்து நெடுங்கழுத்துக் கிரேன்களே, எனக்கு நாவன்மை தாருங்கள். கூடவே ஒரு டீயும் கிடைத்தால் நல்லது.

அந்நகரில் இளையோர் நலம் காக்கப் பெருந்தலைவர் மூவர் இருந்தனர். முதல்வர் இஞ்ஞாசி அண்ணாச்சி. ஏழு கடலும் சுற்றித் திரும்பிய முன்னாள் மாலுமி, கடலோரக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட மன்றத்தின் தலைவர், விசிலை வாகைமாலையாக அணிந்தவர், மணல் மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டும் கயிறேற விட்டும் உடம்பை இரும்பாக்குபவர். இரண்டாமவர் தளவாய் சார். தாமிரபரணிக் கரை வயற்காட்டு ஊர்களிலிருந்து பிழைக்கவும் படிக்கவும் வரும் பிள்ளைகளுக்காக நடக்கும் அறக்கட்டளையின் கணக்காசிரியர், எப்பேர்ப்பட்ட வட்டிக்கணக்கையும் கரும்பலகையில் மண்டியிட வைப்பவர். மூன்றாமவர் ஈவாஞ்சலின் டீச்சர். பக்கத்து ஊரான நாசரேத்திலிருந்து வந்து மிஷன் மகளிர் குழுவின் பேரில் இங்கிலீஷ் வகுப்பு நடத்துபவர், ஒரு வினைச்சொல் பிசகினாலும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, பிசகியவனை ஏழு தலைமுறைக்கும் திருத்திவிடுபவர். மூவரும் நல்லவர்கள். மூவர் வகுப்பும் இலவசம், எந்தத் தெருப் பிள்ளையும் வரலாம். மூவர் வகுப்பும் வாரம் ஒரு முறை, திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு.

ஏன் எல்லோரும் திங்கட்கிழமையையே பிடித்தார்கள் என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்டால்தான் இந்நகரத்தின் மேன்மை விளங்கும். வேறு ஊர்களில் மன்னர்கள் பிறர் மண்ணைப் பிடுங்கப் போர் செய்தார்கள். இவ்வூர்ப் பெரியோரோ பிறர் நாளைத் தொட்டுவிடக் கூடாதே என்று அஞ்சி அஞ்சியே போர்க்களத்தில் வந்து விழுந்தவர்கள். ஞாயிறு பூசைக்கும் ஆராதனைக்கும் உரியது. செவ்வாய் அம்மன் கோயில் விளக்குப் பூஜைக்கு. புதன் மாதா கோயில் நவநாள் செபத்துக்கு. வியாழன் தர்காவில் கூட்டம், வெள்ளி பள்ளிவாசலில் கூட்டம். சனிக்கிழமை மாலை நாசரேத்துக்காரர்களின் பாடகர் குழு ஒத்திகை. இப்படி ஆறு நாளும் ஆளுக்கொரு சாமி காவலிருக்க, நாதியற்று, கேட்பாரற்று, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பின் மிச்சத்தோடு நின்றுகொண்டிருந்தது திங்கட்கிழமை ஒன்றுதான். அதன்மேல் மூன்று பேரும் மரியாதையாக ஒரே நேரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

உட்கார்ந்ததால் நசுங்கியவள் ஒருத்தி.

அவள் பெயர் ஸ்டெபி. தருவைகுளத்தில் பிறந்தவள், மீன்பிடி வலை தைக்கும் நீல நூலால் தன் இடதுகால் ஷூவின் கிழிசலைத் தானே தைத்துக்கொண்டவள், கப்பலேறி மாலுமியாவேன் என்று சூளுரைத்தவள். அந்த மாலுமிப் பயிற்சிக்கு நுழைவுத் தேர்வு உண்டு. அதில் கணக்கும் உண்டு, இங்கிலீஷும் உண்டு, உடல்திறன் சோதனையும் உண்டு. போன தடவை அவள் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்து தோற்றாள். இந்தத் தடவையும் தோற்றால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் கப்பலைக் கரையில் நின்று பார்க்கலாம். ஆகவே திங்கள்தோறும் அந்த வேகநடைச் செல்வி மினிபஸ்ஸிலிருந்து குதித்து, தளவாய் சாரிடம் பாதிக் கணக்கைக் கற்று, விடை வருவதற்குள் எழுந்து ஓடி, டீச்சரிடம் வாக்கியத்தின் நடுவில் நுழைந்து, அது முற்றுப்புள்ளியை எட்டுமுன் பையைத் தூக்கி, வியர்க்க விறுவிறுக்க மைதானத்தில் போய் நிற்பாள். அங்கே இஞ்ஞாசி அண்ணாச்சி, “ஏளா, வாரப்பவே மூச்சு வாங்குதியே, ஒடம்புல தெம்பே இல்லியே!” என்று சொல்லி இன்னும் இரண்டு சுற்று ஓடவிடுவார்.

ஒரு நாள் அவள் கிட்டங்கிக்கு வந்து ஒருங்கிணைப்பாளர் முன் நின்றாள். நிற்கும்போதும் கால் மாறி மாறி நின்றாள், பழக்கம்.

“அக்கா, மூணு கிளாஸும் வேற வேற நாளு வைக்கச் சொல்லுங்கக்கா. ஆனா எம்பேரைச் சொல்லிராதீங்க. மூணு பேருமே என்னைய அவங்க பிள்ளைன்னு நெனச்சிட்டு இருக்காவ. இன்னொரு எடத்துக்கும் போறேன்னு தெரிஞ்சா சங்கடப்படுவாவ.”

சரண்யாதேவி அவள் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான், தன்னிடமிருந்த ஒரே அம்பையும் உறையில் வைத்துத் தைத்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

பின்னர் தொடங்கியது பெரும்படையெடுப்பு. முதலில் ‘ஒன்றுபடுவோம்’ என்னும் வாட்ஸ்அப் குழுவில் அவள் தூது விட்டாள். தூதுக்கு மறுமொழியாகப் பூங்கொத்துகள் வந்தன, கைகூப்பிய கரங்கள் வந்தன, சூரிய உதயங்கள் வந்தன, நாள் மட்டும் வரவில்லை. அடுத்து ஒவ்வொருவரையும் தனித்தனியே கண்டாள். மூவரும் ஒரே வரத்தையே அருளினார்கள்: “எங்களுக்கு எந்த நாளும் சம்மதம், மத்தவங்களக் கேட்டுக்கோங்க.” மற்றவர்களைக் கேட்டால் அவர்களுக்கும் எந்த நாளும் சம்மதம். எல்லாருக்கும் எல்லா நாளும் சம்மதமாக இருந்தும் ஒரு நாள்கூட அகப்படாத அந்த அதிசயத்தைக் கண்டு அவளுக்குத் தலை சுற்றியது. கடைசியில் மூவரையும் ஒரே அறையில் கூட்டுவது என்று முடிவெடுத்தாள். முடிவெடுத்த கையோடு ஒரு பாக்கெட் முந்திரி மக்ரூனும் வாங்கினாள்.

அந்நாள் வந்தது. கிட்டங்கி வாசலில் இஞ்ஞாசி அண்ணாச்சியின் ஸ்கூட்டர் உறுமி அடங்கியது, தளவாய் சாரின் குடை மடங்கியது, ஈவாஞ்சலின் டீச்சரின் கைப்பை மேசைமேல் கோட்டைமதில் போல் அமர்ந்தது. நல்ல நாற்காலி எதுவோ அதில் மற்றவர் உட்கார வேண்டும் என்று மூவரும் மன்றாடியதில் நல்ல நாற்காலி காலியாகவே நின்றது. மூவரும் ஆடும் நாற்காலிகளில் அமர்ந்து ஆடினார்கள். தேநீர் வழங்கப்பட்டது. மக்ரூன்கள் தின்னப்பட்டன. கடைசி மக்ரூன் ஒன்று மட்டும், எடுத்தால் மற்றவர் என்ன நினைப்பாரோ என்ற அச்சத்தால், தட்டின் நடுவே தனித்து நின்றது.

சரண்யாதேவி எழுந்து போர்ப்பறை கொட்டினாள். “பெரியவங்களே, திங்கட்கிழமைல ஒருத்தர் இருக்கட்டும். மத்த ரெண்டு பேரும் வேற நாளுக்கு மாறணும். செவ்வாய்க்கிழமை யாருக்கு வேணும்?”

இடியேறு போல் எழுந்தார் இஞ்ஞாசி அண்ணாச்சி. “செவ்வாய்க்கிழமை வெளக்கு பூசைலா? அதுல கைவைக்க விடமாட்டேன். தளவாய் சாரு வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு, நாமதான் பாத்து நடக்கணும்!”

“அப்ப புதன்?”

தளவாய் சார் குடையை ஊன்றி நிமிர்ந்தார். “புதன்கிழமை நவநாள். அண்ணாச்சி சனங்க பூராவும் கோயில்ல இருப்பாவ. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.”

“சனிக்கிழமை?”

“டீச்சருக்குப் பாட்டு ஒத்திகை!” என்று இருவரும் ஒரே குரலில் முழங்கினார்கள். டீச்சர் நெகிழ்ந்துபோய்க் கைக்குட்டையை எடுத்தார். அவர் பங்குக்கு அவரும் வியாழனையும் வெள்ளியையும் தர்கா, பள்ளிவாசல் பேரால் காத்து நின்றார். அங்கிருந்து யாரும் வரவுமில்லை, கேட்கவுமில்லை. ஆகா, தனக்காக வாள் எடுப்பவரைக் கண்டிருக்கிறோம், அடுத்த வீட்டுக்காரர் சாமிக்காக இப்படி மார்பில் அம்பு தாங்குபவர்களை எங்கே காண்போம்! நாளொன்று வீழ்ந்தால் அதன்மேல் மரியாதை ஒன்று வந்து விழுந்தது. ஃபேன் சுழன்றது, பிளாஸ்க் ஒழுகியது, வாரம் முழுவதும் அறை நடுவே சடலமாகக் கிடந்தது. சரண்யாதேவிக்கு அழுகை வந்தது. அவள் அதைத் தேநீரோடு விழுங்கினாள்.

விழுங்கிவிட்டு, கடைசி ஆயுதத்தை வீசினாள். “அப்படின்னா ரெண்டு பேரு வகுப்பையே நிறுத்திருங்க. எப்படியும் பிள்ளைங்க கொறைவுதானே.”

அதுகாறும் பூமழை பொழிந்த அவையில் அப்போதுதான் கத்திகள் உருவப்பட்டன.

“நிறுத்தவா?” என்றார் தளவாய் சார். நீதிமன்றம் அதிர்ந்தாற்போல் இருந்தது. “எங்கிட்ட ஒரு பிள்ளை வருது. பாதிலயே எந்திரிச்சுப் போயிரும், கடைசி பஸ்ஸுன்னு நெனைக்கேன். அதுக்காகவே முக்கியமான கணக்கையெல்லாம் முதல்லயே போட்டுருதேன். அந்தப் பிள்ளைக்குத் திங்கட்கிழமை விட்டா வேற நாளே கெடையாது!”

“எங்கிட்டயும் ஒரு பிள்ளை உண்டு,” என்றார் டீச்சர். “லேட்டாத்தான் வரும், சீக்கிரமா போயிரும். அதுக்காக நடுவுல அரைமணி நேரம் ஒதுக்கி வச்சிருக்கேன். திங்கட்கிழமைய மட்டும் கேக்காதீங்க.”

“எம்பிள்ளைய விடவா?” என்று மேசையைத் தட்டினார் அண்ணாச்சி. கடைசி மக்ரூன் துள்ளியது. “கடைசிலதான் வரும், வாரப்பவே களைச்சுப் போயி வரும். வீட்டுல என்ன கஷ்டமோ! அதுக்காகத்தான் நான் விளக்குப் போட்டு மைதானத்தத் தொறந்து வச்சிருக்கேன். திங்கட்கிழமை தவிர ஒரு நாளும் வந்ததில்ல!”

“திங்கட்கிழமை தவிர நீங்க கிளாஸே வச்சதில்லியே அண்ணாச்சி,” என்றாள் சரண்யாதேவி. பெயர் நாக்கின் நுனியில் நின்று, கொடுத்த வாக்கோடு மல்லுக்கட்டியது. பெயரை அவள் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. தளவாய் சார் நெற்றியைச் சுருக்கினார், கணக்கு ஒன்று கூடிவரும்போது அவர் அப்படித்தான் சுருக்குவார்.

“அண்ணாச்சி, ஒங்க பிள்ளை ஷூவுல...”

“இடது கால்ல நீல நூலு,” என்றார் அண்ணாச்சி மெல்ல. “வலை நூலு. நாந்தான் கேட்டேன், யாருளா தச்சான்னு.”

“நீல நூல்,” என்றார் டீச்சர். கண்ணாடியைக் கழற்றினார்.

பழங்காலத்தில் மோதிரத்தைக் கண்டு கணவனையும், மச்சத்தைக் கண்டு மகனையும் அறிந்துகொண்டார்களாம். இங்கே ஒரு பழைய ஷூவைக் கண்டு மூன்று பெரியவர்கள் ஒரே பிள்ளையை அறிந்துகொண்டார்கள். ஒரு கணம் மூவர் முகத்திலும் கோபம் மின்னியது உண்மைதான். என்னைவிட்டு அவரிடமா ஓடினாள் என்ற அந்தச் சின்ன எரிச்சல் பெரியவர்களுக்கும் வரும். எங்கே, இனிமேல் அவளை யாருமே சேர்க்காமல் விட்டுவிடுவார்களோ என்று சரண்யாதேவி நாற்காலியின் கையை இறுகப் பற்றினாள்.

அண்ணாச்சி விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தார். “அப்ப அந்தப் பிள்ளைக்கு மூச்சுவிட எப்பம்யா நேரம் இருந்திச்சு? நான் வேற ஒவ்வொரு வாரமும் ரெண்டு சுத்து கூட ஓடவிட்டேனே.” சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. மூவருக்கும் வெட்கமாக இருந்தது.

அதற்குப்பின் நடந்ததைப் பாட எந்தப் பரணியும் போதாது, ஏனென்றால் அது ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் முடிந்துபோனது. பிறர் நாளைத் தொட மாட்டார்கள் அல்லவா? தன் நாளைத் தானே தொடலாமே! “செவ்வாய் எங்க நாளு, நான் எடுத்துக்கிடுதேன், வெளக்கு பூசைக்கு முன்னாடி முடிச்சிருவேன்,” என்றார் தளவாய் சார். “நவநாளுக்கு மணியடிக்கதுக்குள்ள ஓட்டம் முடிஞ்சிரும், புதன் எனக்கு,” என்றார் அண்ணாச்சி. “சனிக்கிழமை நான் எப்படியும் கோயில் ஹால்லதான் இருப்பேன். ஒத்திகைக்கு முந்தி ஒரு மணி நேரம் அவளுக்குத்தான். ஏன், எல்லாருக்குந்தான்,” என்றார் டீச்சர். மாதக்கணக்கில் இடியாத கோட்டை மூன்று வாக்கியங்களில் இடிந்தது. சரண்யாதேவி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் மறைக்க ஃபேனைத் திருப்பி வைத்தாள். கடைசி மக்ரூனைக் காகிதத்தில் பொதிந்து அவள் கையில் கொடுத்த அண்ணாச்சி, “அந்தப் பிள்ளைட்ட குடுத்திரு. நாங்க தெரிஞ்சுகிட்டோம்னு சொல்லாத, கூச்சப்படும்,” என்றார்.

புதுமுறை அரியணை ஏறியது. அடுத்த செவ்வாயில் ஸ்டெபி ஒரு கணக்கின் விடையை முதன்முறையாகக் கண்ணால் கண்டாள். புதனன்று மூச்சு வாங்காமல் வந்து நின்றவளைப் பார்த்து அண்ணாச்சி விசிலையே ஊத மறந்தார். சனியன்று ஒரு முழு இங்கிலீஷ் வாக்கியம் முற்றுப்புள்ளியோடு அவள் வாயிலிருந்து வெளிவர, டீச்சர் பாட்டு ஒத்திகையில் வழக்கத்தைவிட உச்சமாகப் பாடினார் என்று சொல்கிறார்கள்.

பின்பு வந்தது திங்கட்கிழமை. மூன்று படைகளும் பாசறை கலைத்துப் போன அப்பழைய போர்க்களம், ஐந்து மணி என்னும் அக்கொடும்பொழுது, துறைமுகச் சங்கு முழங்க, கிரேன்கள் தலைவணங்க, மினிபஸ்கள் தேர்களெனப் புழுதி கிளப்ப, பழக்க தோஷத்தால் இஞ்ஞாசி அண்ணாச்சி வெறும் மைதானத்தில் விசிலோடும், தளவாய் சார் வெறும் கரும்பலகை முன் சாக்பீஸோடும், ஈவாஞ்சலின் டீச்சர் வெறும் பெஞ்சுகளின் முன் கண்ணாடியோடும் வந்து நின்று, அந்த நீலநூற் காலணிச் செல்வி, அந்த ஓயா ஓட்டத்தாள், அந்த முக்களம் கண்ட வீராங்கனை இப்போது எந்தத் திசையில், எந்தத் தெருவில், எந்தப் பகையை வென்று பாய்ந்துகொண்டிருக்கிறாளோ என்று வழிமேல் விழிவைத்து நோக்கியிருந்த அதே வேளையில், ஸ்டெபி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.